பழைய ஆங்கில வெள்ளிக் கோப்பைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியில் ஒரு படம் வரும். கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கோப்பை, பின்னால் யாருடைய சாப்பாட்டு மேசையோ. "ஐயா, இது எந்தக் காலத்தது, என்ன பெறும்?" என்று கீழே ஒரு வரி இருக்கும். தாத்தாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்தது என்பார்கள். லண்டனில் படிக்கப்போன மகன் வாங்கி வந்தது என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "கவிழ்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

பழைய வெள்ளியை அடிப்பாகத்திலிருந்து படிக்க வேண்டும். அதன் பிறகு கைப்பிடி, விளிம்பு. பூவேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் 1600க்கும் 1800க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துதான் என் எல்லை. ஒன்றிரண்டு இடங்களில் வேலி தாண்டுவேன்.

குடிப்பதற்கு ஒரே ஒரு பாத்திரம் போதாதா? ஏன் இத்தனை வடிவங்கள்?

நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பாலாடை, டம்ளர், சொம்பு, கூஜா. பாலாடையில் யாரும் மோர் குடிப்பதில்லை. அங்கேயும் குடிக்கும் பொருள்தான் வடிவத்தை முடிவு செய்தது.

பார்லியில் காய்ச்சிய 'ஏல்' என்னும் பியர் நிறையக் குடிக்கிற பானம். அதற்குப் பெரிய வயிறும் உறுதியான கைப்பிடியும் வேண்டும். வைன் கொஞ்சமாகக் குடிப்பது. அதற்குத் தண்டு வைத்த சிறு கிண்ணம். எனக்கு மிகவும் பிடித்தது 'காடில்' கோப்பை. காடில் என்பது ஏல் அல்லது வைனில் முட்டையும் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய ஒருவகைக் கஞ்சி. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது. அதனால்தான் அந்தக் கோப்பைக்கு இரண்டு பக்கமும் காது. பலவற்றுக்குச் சூடு ஆறாமலிருக்க மூடியும் உண்டு. தளர்ந்த கைகள் இரண்டும் சேர்ந்து பிடிக்க வேண்டிய பாத்திரம் அது. பிரசவ மருந்து கிளறிக் கொடுக்கும் வீட்டாருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

டாங்கர்டு என்றால் என்ன? சாதாரண மக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மூடி இருந்தால் டாங்கர்டு, இல்லாவிட்டால் மக். அவ்வளவுதான். ஆனால் அந்த மூடிக்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதைக் கையில் எடுத்தால்தான் உணர முடியும்.

ஓர் ஏல் குவார்ட், அதாவது ஏறக்குறைய 1.15 லிட்டர் கொள்ளும் டாங்கர்டு முக்கால் கிலோ எடை இருப்பது சாதாரணம். நிரப்பினால் இரண்டு கிலோவை நெருங்கும். இதை ஒரே கையால் தூக்கி, அதே கையால் மூடியையும் திறக்க வேண்டும். கைப்பிடியின் தலையில், மூடியின் கீலுக்கு மேலே, பெருவிரல் வைப்பதற்கென்று ஒரு சிறு கொம்பு நிற்கும். நான்கு விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ள, பெருவிரல் அதை அழுத்தும். மூடி பின்னால் சாயும். அந்தக் கொம்பைத் தட்டான் தன் விருப்பம்போல் செய்தான்: முறுக்கிய சுருளாக, இரண்டாகப் பிரிந்த இலையாக, படுத்திருக்கும் சிங்கமாக. நூறு வருடம் பெருவிரல் பட்ட சிங்கத்துக்கு முகம் இருக்காது. முகம் கூர்மையாக இருக்கும் சிங்கத்தைக் கண்டால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

காலத்தை மூடியே சொல்லிவிடும். 1660க்குப் பின், இரண்டாம் சார்லஸ் காலத்தில், உடல் அகலமும் குட்டையுமாக இருக்கும்; மூடி தட்டை. 1700 தாண்டியதும் மூடி கோபுரம்போல மெல்ல எழும்பத் தொடங்குகிறது. நூற்றாண்டின் நடுவில் உடலுக்குத் தொந்தி விழுகிறது. கடைசியில் மறுபடி நேராகி, பீப்பாய்க்குப் பூண் போட்டதுபோலச் சுற்றிலும் வளைய வரிகள் வருகின்றன. இந்த மாற்றங்கள் லண்டனில் ஒரு வேகத்திலும் வெளியூர்களில் வேறொரு வேகத்திலும் நடந்தன. எனவே மூடியை மட்டும் பார்த்து வருடத்தை அடித்துச் சொல்லாதீர்கள்.

1640களுக்கு முந்தையவை ஏன் இவ்வளவு அரிது?

உருக்கிவிட்டார்கள். 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது இரு தரப்பும் வெள்ளியைக் கேட்டன. ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள் முதலாம் சார்லஸின் நாணயங்களாயின. அந்தக் காலத்தில் வெள்ளிக் கோப்பை என்பது அலமாரியில் வைத்த வங்கிக் கணக்கு. அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கத்தான் அது இருந்தது. பழைய நகையை அழித்துப் புதுசு செய்யும் வழக்கமுள்ள நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

கைப்பிடியின் கீழே ஒரு சிறு துளை இருக்கிறது. அது விசிலா?

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வரும். ஏல் தீர்ந்ததும் கடைக்காரரைக் கூப்பிட அதில் ஊதுவார்களாம். அழகான கதை. நானும் ஊதிப் பார்த்திருக்கிறேன். என் மூச்சுதான் கேட்டது.

உண்மை பட்டறையில் இருக்கிறது. கைப்பிடியை இரண்டு பாதிகளாகச் செய்து, பற்றாசு வைத்து ஒட்டுவார்கள். உள்ளே வெற்றிடம். நெருப்பில் காட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று விரியும். போக வழியில்லையென்றால் ஒட்டைப் பிளந்துவிடும். அந்த வழிதான் இந்தத் துளை. இதில் ஒரு தொல்லை உண்டு. கோப்பையைக் கழுவும்போது துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். துடைத்துப் பளபளவென்று மேசையில் வைப்பீர்கள். பத்து நிமிடத்தில் வெள்ளை விரிப்பில் கறுப்பாக ஒரு சொட்டு விழும்.

உள்பக்கச் சுவரில் வரிசையாகக் குமிழ்கள் உள்ள டாங்கர்டு பார்த்தேன். எதற்கு?

பங்கு பிரிக்க. ஒரே பாத்திரம் கை மாறிச் சுற்றி வரும்போது ஒருவர் ஒரு குமிழ் அளவு குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். ஸ்காண்டிநேவியாவில் பிறந்த வழக்கம். வட கடல் வணிகத்தோடு யார்க், ஹல், நியூகாசில் பக்கம் வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் யார்க் நகரத்து ஜான் பிளம்மர் செய்தவை பெயர் பெற்றவை: உருண்டையான பாதங்கள்மேல் உட்கார்ந்திருக்கும், உடலெங்கும் பூக்கொடி வெட்டியிருக்கும். தெற்கே லண்டனில் இந்த வகை அதிகம் எடுபடவில்லை.

நாம் சொல்லும் 'டம்ளர்' ஆங்கில வெள்ளிக் கோப்பையிலிருந்து வந்ததா?

ஆம். நம் டம்ளருக்கு ஆங்கிலப் பெயர்தான், ஆனால் அந்தப் பெயருக்குப் பொருள் 'உருளுவது', 'குட்டிக்கரணம் போடுவது'. தட்டையான அடியோடு அடக்கமாக நிற்கும் பாத்திரத்துக்கு ஏன் அந்தப் பெயர்? பழைய டம்ளருக்கு அடி தட்டையாக இல்லை.

17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வரும் ஆங்கில வெள்ளி டம்ளரைப் பார்த்தால் விளங்கும். உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கிண்ணம். கைப்பிடி, பாதம், மூடி ஏதுமில்லை. அடி உருண்டை. வெள்ளித் தகட்டைப் பட்டடைமேல் வைத்துத் தட்டித் தட்டிச் சுவரை மேலே எழுப்பியிருக்கிறார்கள். சுவர் மெலிந்து, அடி மட்டும் கனத்து நிற்கிறது. வெள்ளி அடிபட அடிபட இறுகும், பிறகு விரிசல் விடும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் காய்ச்சி ஆற்ற வேண்டும்.

இனி அதை மேசையில் வைத்து விரலால் தள்ளுங்கள். சாயும். விளிம்பு மேசையைத் தொடப்போகிறது என்று நினைக்கும்போது திரும்பி எழும், மறுபக்கம் சாயும், ஆடி ஆடி நிமிர்ந்து நிற்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அதே சூத்திரம்: எடையெல்லாம் அடியில். குலுங்கும் வண்டியிலும் பயணத்திலும் சிந்தாத பாத்திரம். இந்தக் கோப்பையில் அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரு கீறல்கூட இருக்காது. ஆங்கிலத் தட்டான்கள் செய்தவற்றில் மிகச் சிறந்த வடிவம் இதுதான் என்பது என் கட்சி. கண்ணாடி டம்ளர்கள் தட்டையான அடியோடு பெருகியபோது பொருள் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. நம் ஊருக்கு வந்தது அந்த மிஞ்சிய பெயர்.

தேங்காய் ஓட்டில் வெள்ளிக் கோப்பை செய்தார்களாமே?

செய்தார்கள், அதுவும் பெருமையாக. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தேங்காய் கடல் தாண்டி வந்த அதிசயம். விஷத்தை முறிக்கும் என்றும் நம்பினார்கள். ஓட்டை மெருகேற்றி, மேலே வெள்ளி விளிம்பு, கீழே தண்டும் பாதமும், இரண்டையும் இணைக்க ஓட்டைச் சுற்றி மூன்று நான்கு வெள்ளிப் பட்டைகள். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் இப்படி ஒன்று இருக்கிறது. நாம் அகப்பையாகச் செருகிப் புழங்கிய கொட்டாங்குச்சிக்கு அங்கே கிடைத்த மரியாதையைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

அலங்கார வேலையை வைத்துத் தரத்தைக் கணிக்கலாமா?

கணிக்கலாம், ஆனால் எது அலங்காரம் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். விளிம்பில் ஓடும் தடித்த வரி அழகுக்காக மட்டும் இல்லை. மெல்லிய தகடு வாய்ப்பக்கம் நசுங்காமலிருக்க அது வேண்டும். பூசணிக்காய்ப் பட்டைபோல அடியைச் சுற்றிப் புடைத்து வரும் வரிகளும் அப்படியே. தகட்டில் மடிப்பு விழுந்தால் வலு கூடும். குறைந்த வெள்ளியில் பெரிய பாத்திரம் செய்ய அது வழி.

இதற்கு நேர்மாறானது ஸ்காட்லாந்தின் 'குவெய்க்'. இரண்டு பக்கமும் தட்டையான காது வைத்த ஆழமற்ற கிண்ணம். முதலில் மரப்பட்டைகளைச் சேர்த்துப் பூண் போட்டுச் செய்தார்கள். பின்னர் வெள்ளியில் செய்தபோதும் மரப்பட்டைகளின் இணைப்புக் கோடுகளைக் கீறி வைத்தார்கள். வெள்ளிக்கு அந்தக் கோடு தேவையே இல்லை. மரத்தில் குடித்த ஞாபகம் அது.

முத்திரைகளை எப்படிப் படிப்பது?

முத்திரை என்பது வெள்ளியைச் சோதித்துப் பாத்திரத்தில் குத்தும் சிறு அடையாளம். லண்டன் வெள்ளியில் நான்கைத் தேடுங்கள். சிறுத்தைத் தலை: 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. செய்தவரின் அடையாளம்: 1363 முதல். ஆண்டு எழுத்து: 1478 முதல், வருடத்துக்கு ஓர் எழுத்து, சுற்று முடிந்ததும் எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி முதலிலிருந்து. நடந்துபோகும் சிங்கம்: 1544 முதல், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று மாற்றுக்கு உறுதி சொல்வது. எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேடயத்தைப் பார்க்காமல் விட்டால் பல பத்தாண்டுகள் தவறிவிடும்.

இடையில் ஒரு விசித்திரமான காலம் உண்டு. நாணயங்களின் ஓரத்தை வெட்டி உருக்கிப் பாத்திரம் செய்கிறார்கள் என்று அரசு கண்டது. 1697இல் பாத்திர வெள்ளியின் மாற்றை ஆயிரத்துக்கு 958.4 ஆக உயர்த்திவிட்டது. நாணயத்தை அப்படியே உருக்கினால் இந்த மாற்று வராது. சிங்கத்துக்குப் பதில் பிரிட்டானியா என்ற பெண் உருவம் வந்தது. 1720 வரை அதுவே கட்டாயம். சுத்தம் கூடியதால் வெள்ளி சற்று மென்மையானது. அந்தக் காலத்துக் கோப்பைகள் நகாசு குறைந்து, வழவழவென்று, வடிவத்தை மட்டும் நம்பி நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் எளிமையை விரும்பிய ரசனையும் அப்போது இருந்தது.

அரசர் அல்லது அரசியின் தலை ஐந்தாவதாக இருந்தால் அது பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. வரி கட்டியாயிற்று என்பதற்கான ரசீது. நங்கூரம் பர்மிங்காம். அந்த ஊருக்கு முத்திரையிடும் உரிமை 1773இல் கிடைத்தது.

டாங்கர்டு என்றால் இன்னொன்று: உடலிலும் மூடியிலும் தனித்தனியாக முத்திரை இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வருடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி இரண்டாம் கல்யாணம்.

கைப்பிடியில் மூன்று எழுத்துகள், அடியில் ஏதோ எண்கள். இவை என்ன?

எழுத்துகள் முக்கோணமாக இருக்கும். மேலே உள்ளது குடும்பப் பெயர், கீழே உள்ள இரண்டு கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்து. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை.

எண்கள் இன்னும் சுவையானவை. அடியில் ஊசியால் கீறியதுபோல 24, பக்கத்தில் 10 என்று இருந்தால், 24 டிராய் அவுன்ஸ், 10 பென்னிவெயிட் என்று பொருள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அதில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 762 கிராம். இப்போது கோப்பையைத் தராசில் வையுங்கள். 745 காட்டினால் கவலையில்லை. தேய்ந்தது, துடைத்ததில் போனது. 690 காட்டினால் எங்கோ எதையோ எடுத்திருக்கிறார்கள். 800ஐத் தாண்டினால் எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

எடுத்தது பெரும்பாலும் குலச்சின்னமாக இருக்கும். பழைய உரிமையாளரின் சின்னத்தைச் சுரண்டிவிட்டுப் புதியவர் தன்னுடையதைப் பொறிப்பார். அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். பெருவிரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும். சந்தேகமுள்ள இடத்தில் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதிப் பாருங்கள். ஆவி படிந்த ஒரு நொடியில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக் கோடுகள் தெரியும். இந்த 'ஹா'வுக்குச் செலவே இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாயை அது எனக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது.

முத்திரை உண்மையாக இருந்தும் பொருள் பொய்யாக இருக்குமா?

இருக்கும். 1720இல் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்தார்கள். 1758 வரை நீடித்தது. சில தட்டான்கள் சின்னஞ்சிறு தகட்டை முத்திரைக்கு அனுப்பி, அதற்கு மட்டும் வரி கட்டி, திரும்பி வந்ததும் அந்தத் துண்டைப் பெரிய பாத்திரத்தின் அடியில் பதித்துவிட்டார்கள். செய்தவர் உண்மை, காலம் உண்மை, வெள்ளியும் உண்மை. ஏமாந்தது அரசு மட்டும்.

மூக்கு வைத்த டாங்கர்டு பார்த்தேன். வாங்கலாமா?

வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன். மூடி, கைப்பிடி, பெருவிரல் கொம்பு எல்லாம் சரி. 1760களின் ஆண்டு எழுத்து. உடலெங்கும் திராட்சைக் கொத்தும் ரோஜாவும் புடைத்து நின்றன. முன்னால் அழகாக வளைந்த ஒரு மூக்கு. விற்றவர் "பியர் ஜாடி" என்றார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் மூக்கில் முத்திரையே இல்லை என்பது தெரிந்தது. உள்ளே விரலை விட்டால், மூக்கு தொடங்கும் இடத்தில் உடலைச் சல்லடைபோலத் துளைத்திருந்தார்கள்.

விக்டோரியா காலத்தில் டாங்கர்டில் குடிக்க ஆளில்லை. சும்மா கிடந்ததற்கு மூக்கு வைத்து ஜாடியாக்கினார்கள். வெறுமையாக இருந்த உடல் அவர்கள் கண்ணுக்குக் குறையாகப் பட்டது, பூவேலையையும் ஏற்றினார்கள். புதிதாகச் சேர்த்த பாகத்துக்கு முத்திரை இல்லாமல் அதை வெள்ளி என்று விற்பது இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டப்படி குற்றம். என் ஜாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் மோர் ஊற்றினால் நன்றாக ஊற்றுகிறது.

ஈ.பி.என்.எஸ். என்று அடியில் இருந்தால்?

வெள்ளி முலாம். உள்ளே இருப்பது நிக்கல் வெள்ளி, நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது. பெயரில் மட்டும்தான் வெள்ளி. பழையதாக இருக்கலாம், 1840க்கு முன்பாக இருக்காது.

1780க்குப் பிறகு வெள்ளிக் கோப்பை ஏன் குறைந்தது?

கண்ணாடியும் பீங்கானும். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் தெளிவான கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். வைனின் நிறம் பார்த்துக் குடிக்கும் ஆசை வந்துவிட்டது. பிறகு தேநீரும் காபியும் வந்தன. உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. அதில் கொதிக்கும் தேநீர் ஊற்றினால் உதடு வெந்துபோகும். அதனால் ஊற்றும் பாத்திரம் மட்டும் வெள்ளியாகவே இருந்தது, அதற்கும் மரக் கைப்பிடி போட்டார்கள். குடிக்கும் பாத்திரம் பீங்கானுக்குப் போயிற்று. நாமோ உலோகத்தை விடாமல், விளிம்பை வெளியே மடித்து, டவராவில் ஆற்றி, அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொண்டோம்.

சென்னையில் செய்த வெள்ளியில் சாமி உருவங்கள் இருக்கின்றன. அது ஆங்கில வெள்ளியா?

வடிவம் அவர்களுடையது, சாமி நம்முடையது. 19ஆம் நூற்றாண்டில் மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் இதற்குப் பெயர் பெற்றது. ஆங்கிலத் தேநீர்ப் பாத்திரம், மக், கிண்ணம் ஆகியவற்றின் உடலைச் சுற்றித் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பியிருப்பார்கள். இந்த வகைக்கே 'சுவாமி வெள்ளி' என்று பெயர். கைவேலை அபாரம், சிலவற்றில் விரல் நுனி வைக்கக்கூட இடம் விடவில்லை. எனக்கு அந்த நெருக்கம் கொஞ்சம் மூச்சு முட்டும். இவற்றில் சிங்கத்தையும் ஆண்டு எழுத்தையும் தேடாதீர்கள். நிறுவனத்தின் பெயர்தான் பொறித்திருக்கும்.

எப்படித் துடைப்பது, எப்படி வைப்பது?

கறுப்புக்குக் காரணம் காற்றிலும் பொருள்களிலும் உள்ள கந்தகம். பாத்திரங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள்; ரப்பரில் கந்தகம் உண்டு, பேண்டின் தடம் கறுப்புக் கோடாக ஏறிவிடும். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

பாட்டி விபூதி போட்டுத் தேய்த்தது சரியான வழிதான், மிக நுண்ணிய சாம்பலாக இருந்தால். ஆனால் குலச்சின்னம், எழுத்து, சிங்கத்தின் முகம் இருக்கும் இடங்களில் கை லேசாகப் பட வேண்டும். உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் அது தங்க முலாம். அங்கே ஈரத் துணி மட்டும். முக்கி எடுக்கும் ரசாயனம் பக்கம் போகாதீர்கள். வரிகளின் பள்ளத்தில் இருக்க வேண்டிய கறுப்பையும் அது சுத்தமாக எடுத்துவிடும், பூவேலை குருடாகிவிடும்.

துடைத்து முடித்ததும் டாங்கர்டைக் கைப்பிடித் துளை கீழே பார்க்கும்படி ஒரு மணி நேரம் சாய்த்து வையுங்கள். கீழே பழைய துணி ஒன்று இருக்கட்டும்.